ஹாமண்ட்ஸ்போர்ட்: கியூக்கா ஏரிக்கரையின் திராட்சை ஊர்

ஹாமண்ட்ஸ்போர்ட் என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், கியூக்கா ஏரியின் தென்கோடியில் அமைந்துள்ள ஒரு சிற்றூர் ஆகும். இங்கு ஆயிரம் பேருக்கும் குறைவானவர்களே வாழ்கின்றனர். ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே சென்றுவிடலாம். நடுவில் மரங்கள் சூழ்ந்த ஒரு சதுக்கம், அதைச் சுற்றிச் சில கடைகளும் தேவாலயங்களும், வடக்கே ஏரி, இருபுறமும் திராட்சைத் தோட்டங்கள் படர்ந்த குன்றுகள் என்பதே இதன் அமைப்பு.

இவ்வளவு சிறிய ஊர் அமெரிக்க வரலாற்றில் இரண்டு துறைகளில் முக்கிய இடம் பெற்றுள்ளது. கிழக்கு அமெரிக்காவின் ஒயின் தொழில் வேரூன்றிய இடங்களுள் இது ஒன்று. வானூர்தி முன்னோடி கிளென் கர்டிஸ் பிறந்து, தம் முதல் விமானங்களை உருவாக்கிய இடமும் இதுவே. இவ்விரண்டிலும் கியூக்கா ஏரிக்குப் பங்குண்டு. ஏரி இல்லையெனில் இங்குத் திராட்சை விளைந்திருக்காது. நீரில் இறங்கும் விமானமும் இங்கு உருவாகியிருக்காது. இன்று இவ்வூருக்கு வருவோர் காணும் அமைதியும், ஊர் எதிர்கொள்ளும் கவலையும் அந்த ஏரியைச் சார்ந்தே உள்ளன.

அமைவிடமும் பெயரும்

நியூயார்க் மாநிலத்தின் நடுமேற்குப் பகுதியில், வடக்குத் தெற்காக நீண்டு ஒடுங்கிய பதினோரு ஏரிகள் உள்ளன. நிலப்படத்தில் விரித்த விரல்களைப் போலத் தோன்றுவதால் இவை 'விரல் ஏரிகள்' எனப்படுகின்றன. கியூக்கா அவற்றுள் ஒன்று. மற்ற பத்தும் ஏறக்குறைய நேர்கோடாக இருக்க, இது மட்டும் ஆங்கில எழுத்தான 'ஒய்' வடிவில் கிளை பிரிகிறது. அதனால் முற்காலத்தில் இதனைக் 'கோணல் ஏரி' என்று அழைத்தனர். ஏரியின் நீளம் சுமார் 32 கிலோமீட்டர். தெற்குக் கிளையின் நுனியில் ஹாமண்ட்ஸ்போர்ட்டும், வடமேற்குக் கிளையின் நுனியில் பிராஞ்ச்போர்ட்டும், வடகிழக்குக் கிளையின் நுனியில் பென் யானும் உள்ளன. இரு வடக்குக் கிளைகளுக்கும் இடையே நீட்டிக்கொண்டிருக்கும் உயர்ந்த நிலப்பகுதி பிளஃப் பாயின்ட் எனப்படும்.

இப்பகுதி இரோகுவா கூட்டமைப்பைச் சேர்ந்த செனெகா மக்களின் நிலமாக இருந்தது. அமெரிக்க விடுதலைப் போருக்குப் பின் அவர்களது நிலங்கள் கைமாறின. அவற்றின் பெரும்பகுதி வில்லியம் புல்ட்னி என்ற பிரித்தானியச் செல்வரின் முதலீட்டுக் குழுவிடம் சென்றது. ஊர் நடுவிலுள்ள புல்ட்னி சதுக்கம் அவரது பெயரைத் தாங்கியுள்ளது. ஊரின் பெயர், அதனை நிறுவிய லாசரஸ் ஹாமண்டின் பெயரிலிருந்து வந்தது. 'போர்ட்' என்பது துறைமுகத்தைக் குறிக்கும்.

கடலிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள ஊருக்குத் துறைமுகம் என்ற பெயர் வியப்பளிக்கலாம். 1833-ஆம் ஆண்டில், பென் யானையும் செனெகா ஏரியையும் இணைக்கும் கோணல் ஏரிக் கால்வாய் திறக்கப்பட்டது. அதன்பின் தெற்கிலுள்ள பாத் நகரம் முதலிய இடங்களின் தானியமும் மரமும் வண்டிகளில் ஹாமண்ட்ஸ்போர்ட்டுக்கு வந்தன. இங்கிருந்து படகில் ஏறி, கால்வாய்கள் வழியாக ஈரி கால்வாயை அடைந்து நியூயார்க் நகரம் வரை சென்றன. இருப்புப்பாதைகள் பெருகியதும் கால்வாய் பயனற்றுப் போய் 1877-இல் மூடப்பட்டது. சரக்குத் துறைமுகமாக வாழ்ந்த காலம் முடிந்தாலும், அதற்குள் குன்றுச் சரிவுகளில் வேறொரு வாழ்வாதாரம் தோன்றியிருந்தது.

ஏரி எவ்வாறு தோன்றியது?

பனியூழிக் காலத்தில் வடக்கிலிருந்து பரவிய பெரும் பனிப்பாளங்கள் இப்பகுதியை மூடின. ஏற்கெனவே ஆறுகள் அரித்திருந்த பள்ளத்தாக்குகளைப் பனி மேலும் ஆழமாகக் குடைந்தது. பனி பின்வாங்கியபோது, அது விட்டுச்சென்ற கற்களும் மண்ணும் பள்ளத்தாக்குகளை அடைத்து, நீர் தேங்கச் செய்தன. அவ்வாறு உருவானவையே விரல் ஏரிகள்.

இதன் விளைவாக இரண்டு பண்புகள் அமைந்தன. முதலாவது, ஏரிகள் அகலம் குறைந்தும் ஆழம் மிகுந்தும் உள்ளன. கியூக்காவின் பெரும ஆழம் 55 மீட்டருக்கும் அதிகம். இரண்டாவது, கரைகள் செங்குத்தான சரிவுகளாக எழுகின்றன. அச்சரிவுகளில் ஷேல் எனப்படும் அடுக்குக் களிப்பாறையின் துண்டுகள் கலந்த மண் காணப்படுகிறது. நீர் தேங்காமல் எளிதில் வடிந்துவிடும் இம்மண், வேர் அழுகலை விரும்பாத திராட்சைக்கு ஏற்றது.

ஏரி திராட்சையைக் காக்கும் முறை

மேற்கு நியூயார்க்கின் குளிர்காலம் கடுமையானது. ஐரோப்பிய ஒயின் திராட்சைகளின் மொட்டுகள் ஏறத்தாழ −20 பாகை செல்சியசுக்குக் கீழே சேதமடையத் தொடங்கும். அந்த அளவு குளிர் இப்பகுதிக்குப் புதிதன்று. இருந்தும் ஏரியை ஒட்டிய சரிவுகளில் மட்டும் கொடிகள் பிழைக்கின்றன. இதற்கான காரணங்களை நான்காகப் பிரித்துக் கூறலாம்.

முதலாவது, குளிர்காலப் பாதுகாப்பு. நீர் மெதுவாகச் சூடாகி, மெதுவாகக் குளிரும் தன்மையுடையது. ஆழமான ஏரி கோடை முழுவதும் வெப்பத்தைச் சேமிக்கிறது. குளிர்காலத்தில் அவ்வெப்பம் சிறிது சிறிதாகக் காற்றுக்குச் செல்வதால், கரையோரக் காற்று உள்நாட்டுக் காற்றைப் போல அவ்வளவு தாழ்ந்த வெப்பநிலைக்கு இறங்குவதில்லை. கொடி சாவதற்கும் பிழைப்பதற்கும் சில பாகை வேறுபாடே போதும்.

இரண்டாவது, வசந்தகாலத் தாமதம். குளிர்ந்துபோன ஏரி வசந்தத்தில் மெல்லவே சூடாகிறது. அதனால் கரையோரக் காற்றும் குளிர்ந்தே இருக்கிறது. கொடிகள் ஏமாந்து முன்கூட்டியே துளிர்விடாமல் இது தடுக்கிறது. துளிர் வந்தபின் உறைபனி பெய்தால் அவ்வாண்டின் விளைச்சல் கெட்டுவிடும் என்பதால், இத்தாமதம் உழவருக்கு நன்மையே.

மூன்றாவது, இலையுதிர்காலத்தின் நீட்சி. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஏரி இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். முதல் உறைபனி தள்ளிப்போவதால் பழங்கள் முதிர்வதற்குக் கூடுதல் நாட்கள் கிடைக்கின்றன.

நான்காவது, சரிவின் பங்கு. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது சரிவின் வழியே கீழிறங்கி ஏரிப்பரப்பை நோக்கி வழிந்துவிடுகிறது. சமவெளித் தோட்டங்களில் அது தேங்கி நின்று கொடிகளைத் தாக்கும்.

இதனால்தான் இங்குத் தோட்டங்கள் ஏரியைப் பார்த்தவாறு அமைந்துள்ளன. கரையிலிருந்து சிறிது தொலைவு சென்றால் சோளமும் புல்வெளியும் காடுமே கண்ணில் படும். பயணி ஒருவர் காரில் குன்றேறும்போது, திராட்சை வரிசைகள் எந்த இடத்தில் நின்றுபோகின்றன என்று கவனித்தால், ஏரியின் காப்பு எதுவரை எட்டுகிறது என்பதைக் கண்ணாலேயே அறியலாம்.

முதல் கொடிகளும் முதல் ஆலைகளும்

இவ்வூரின் திராட்சை வரலாறு ஒரு தேவாலயத் தோட்டத்தில் தொடங்குகிறது. 1829-ஆம் ஆண்டளவில் வில்லியம் பாஸ்ட்விக் என்ற மதகுரு, புனித ஜேம்ஸ் தேவாலயத்தின் தோட்டத்தில் கட்டாபா, இசபெல்லா ஆகிய வகைகளை நட்டார். கொடிகள் செழிக்கவே, அக்கம்பக்கத்தாரும் நடத் தொடங்கினர்.

அவை அமெரிக்க மண்ணுக்குரிய லாப்ரஸ்கா இனத்தின் இயல்புகளைக் கொண்ட வகைகள். தடித்த தோல், வழுக்கும் சதை, தனித்த கடும் மணம் ஆகியவை இவற்றின் அடையாளங்கள். தமிழ்நாட்டுச் சந்தைகளில் விற்கப்படும் பெங்களூர் நீலத் திராட்சையும் இக்குடும்பத் தொடர்புடையதே. அது இசபெல்லா வகையாகவே கருதப்படுகிறது. அதைச் சுவைத்தவர்களுக்குக் கியூக்கா ஏரிக்கரையின் பழைய ஒயின்களின் மணம் எத்தகையது என்பதை ஊகிப்பது எளிது.

1860-இல் சார்லஸ் சாம்ப்ளினும் அண்டை உழவர்களும் சேர்ந்து பிளசன்ட் வேலி ஒயின் நிறுவனத்தைத் தொடங்கினர். ஊருக்குத் தெற்கேயுள்ள பள்ளத்தாக்கில் கல்லால் கட்டப்பட்ட அதன் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. நுரைக்கும் ஒயின் செய்யப் பிரெஞ்சு வல்லுநர்கள் வரவழைக்கப்பட்டனர். ஷாம்பேன் பகுதியின் தலைநகரான ரீம்ஸின் பெயரையே அந்தச் சிறு குடியிருப்புக்கும் சூட்டினர். 'கிரேட் வெஸ்டர்ன்' என்ற பெயரில் வந்த அவர்களது ஒயின், 1873-இல் வியன்னா உலகக் கண்காட்சியில் பதக்கம் பெற்றது. ஐரோப்பாவில் பரிசு வென்ற தொடக்ககால அமெரிக்க நுரை ஒயின்களுள் அதுவும் ஒன்று.

1865-இல் ஏரியின் மேற்குக் கரையில் அர்பானா ஒயின் நிறுவனம் தோன்றியது. இது பின்னாளில் கோல்டு சீல் எனப் பெயர் மாறியது. 1880-இல் டெய்லர் குடும்பத்தின் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1870-களில் பாத் நகரிலிருந்து ஹாமண்ட்ஸ்போர்ட்டுக்கு இருப்புப்பாதை போடப்பட்டது. ஏரிக்கரையில் இன்றும் காணப்படும் பழைய தொடர்வண்டி நிலையம் அக்காலத்தது. திராட்சையும் ஒயினும் இப்பாதை வழியாக வெளியூர் சென்றன.

மதுவிலக்குக் காலம்

1920 முதல் 1933 வரை ஐக்கிய அமெரிக்காவில் நாடு தழுவிய மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. நாட்டின் பெரும்பாலான ஒயின் ஆலைகள் மூடப்பட்டன. தேவாலயச் சடங்குகளுக்கான ஒயின் தயாரிக்கச் சட்டத்தில் விலக்கு இருந்ததால் பிளசன்ட் வேலி நிறுவனம் தாக்குப்பிடித்தது. டெய்லர் குடும்பத்தினர் திராட்சைச் சாறு விற்றுப் பிழைத்தனர். அமெரிக்கத் திராட்சை வகைகள் சாறாகவும் பழப்பாகாகவும் நன்கு விற்பனையாகும் என்பதால் தோட்டங்கள் முற்றிலும் அழிந்துபோகவில்லை.

மதுவிலக்கு நீங்கிய பின், 1934-இல் பிரான்சின் புகழ்பெற்ற ஷாம்பேன் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய சார்ல் ஃபூர்னியே கோல்டு சீல் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்க வந்தார். ஐரோப்பிய வகைகளை இங்கு வளர்க்க முடியாது என்ற கருத்து அப்போது வேரூன்றியிருந்தது. அக்கருத்தை மாற்றியவர் ஓர் அகதி.

கான்ஸ்டன்டின் பிராங்க்

உக்ரைனில் பிறந்த கான்ஸ்டன்டின் பிராங்க் திராட்சை வளர்ப்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1951-இல் குடும்பத்துடன் அமெரிக்கா வந்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஆங்கிலம் தெரியாததால் முதலில் எளிய வேலைகளே கிடைத்தன. பின்னர் நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா நகரிலுள்ள வேளாண் ஆய்வு நிலையத்தில் களை கொத்தும் வேலையில் சேர்ந்தார்.

ஐரோப்பிய இனமான வினிஃபெரா இந்தக் குளிரைத் தாங்காது என்று அங்கிருந்தோர் கூறியதை அவர் ஏற்கவில்லை. உக்ரைனில் இதைவிடக் கடுங்குளிரில் தாம் அதை வளர்த்திருப்பதாக வாதிட்டார். அவரது பேச்சுக்கு மதிப்பளித்தவர் ஃபூர்னியே. இருவருக்கும் பொதுவான மொழி பிரெஞ்சு. ஃபூர்னியே அவரைக் கோல்டு சீல் நிறுவனத்தில் பணியமர்த்தினார்.

பிராங்கின் முறை எளிமையாக விளக்கத்தக்கது. ஐரோப்பியக் கொடிகளுக்கு இங்கு இரண்டு பகைகள் இருந்தன. ஒன்று, வேரை உண்ணும் ஃபிலாக்சரா என்ற நுண்பூச்சி. இது அமெரிக்காவுக்கே உரியது என்பதால் உள்ளூர்க் கொடிகள் அதைத் தாங்கும். ஐரோப்பியக் கொடிகள் தாங்கா. மற்றொன்று குளிர். முதலாவதற்கு ஒட்டுக்கட்டுதலே மருந்து என்பது ஏற்கெனவே அறியப்பட்டிருந்தது. குளிருக்கும் விடை வேரிலேயே உள்ளது என்றார் பிராங்க். உறைபனி வருமுன் கொடியின் தண்டு முற்றிக் கெட்டிப்பட வேண்டும். அதற்கு ஏற்ற வேர்க்கன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவரது கருத்து. இருவரும் குளிர்ப்பகுதிகளில் தேடியலைந்தனர். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரு துறவியர் மடத்தின் தோட்டத்தில் பொருத்தமான கொடிகளைக் கண்டனர். பின்னர் ஆயிரக்கணக்கான ஒட்டுச் சோதனைகள் செய்யப்பட்டன.

1957 பிப்ரவரியில் வெப்பநிலை −30 பாகை செல்சியசை ஒட்டி இறங்கியது. உறுதியானவை எனக் கருதப்பட்ட உள்ளூர் வகைகள் பலவும் அவ்வாண்டு பாதிக்கப்பட்டன. ஆனால் பிராங்கின் ரீஸ்லிங், ஷார்டனே கொடிகள் சிறு சேதத்துடன் பிழைத்துக் காய்த்தன. 1962-இல் அவர் ஹாமண்ட்ஸ்போர்ட்டுக்கு வடக்கே, ஏரியின் மேற்குச் சரிவில் சொந்த ஆலையை நிறுவினார். அவர் 1985-இல் காலமானார். இன்றும் அவரது குடும்பத்தினரே அதை நடத்துகின்றனர். ஜார்ஜியா நாட்டின் பழமையான ர்காட்சிடெலி என்ற வகையும் அங்குப் பயிராகிறது. இன்று விரல் ஏரிப் பகுதி ரீஸ்லிங் ஒயினுக்காக அறியப்படுகிறது என்றால், அதன் தொடக்கம் இந்தச் சரிவில்தான்.

ஒரு பெயருக்கான வழக்கு

டெய்லர் நிறுவனம் வளர்ந்து, 1960-களில் பிளசன்ட் வேலியையும் தன்னுடன் இணைத்துக்கொண்டது. நிறுவனரின் பேரனான வால்டர் எஸ். டெய்லர், உள்ளூர் ஒயினில் வெளிமாநில ஒயினையும் நீரையும் கலக்கும் வழக்கத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். அதனால் 1970-இல் குடும்ப நிறுவனத்திலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் தம் தாத்தாவின் பழைய தோட்டத்தில் புல்லி ஹில் என்ற ஆலையை வளர்த்தார்.

1977-இல் கோகோ கோலா நிறுவனம் டெய்லர் நிறுவனத்தை வாங்கியது. புல்லி ஹில் புட்டிகளில் 'டெய்லர்' என்ற பெயரைப் பயன்படுத்துவதற்கு எதிராக வழக்குத் தொடர்ந்து வென்றது. தம் சொந்தப் பெயரையே அச்சிட முடியாத நிலைக்கு ஆளான அவர், சீட்டுகளில் அப்பெயரைக் கறுப்பு மையால் அழித்து விற்றார். அழிக்கப்பட்ட பெயரே அவருக்கு விளம்பரமானது. பெரிய நிறுவனமோ அடுத்தடுத்துக் கைமாறியது. 1990-களில் ஹாமண்ட்ஸ்போர்ட்டில் அதன் ஆலை மூடப்பட்டபோது பலர் வேலை இழந்தனர். தலைமுறைகளாக அதற்குத் திராட்சை விற்றுவந்த உழவர்களும் வாங்குவோரைத் தேட வேண்டியதாயிற்று.

அவர்களுக்கு வழிவிட்டது 1976-இல் நியூயார்க் மாநிலம் இயற்றிய பண்ணை ஒயின் ஆலைச் சட்டம். ஆண்டுக்கு 50,000 கேலன் வரை, அதாவது ஏறக்குறைய 1,90,000 லிட்டர் வரை தயாரிக்கும் உழவர்கள், தங்கள் பண்ணையிலேயே நேரடியாக மக்களுக்கு ஒயின் விற்க அது இடமளித்தது. சிறு குடும்ப ஆலைகள் பெருகின. இன்று சாலையோரங்களில் காணும் சுவைப்புக்கூடங்கள் இச்சட்டத்தின் விளைவே. பெருந்தொழில் இருந்த இடத்தைச் சிறு ஆலைகளும் சுற்றுலாவும் நிரப்பின.

ஏரியும் வானூர்தியும்

கிளென் கர்டிஸ் 1878-இல் ஹாமண்ட்ஸ்போர்ட்டில் பிறந்தார். மிதிவண்டிக் கடை வைத்து, பின் மோட்டார் சைக்கிள் உருவாக்கினார். 1907-இல் எட்டு உருளைகள் கொண்ட பொறி பொருத்திய வண்டியில் மணிக்கு 219 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். எடை குறைந்த, ஆற்றல் மிகுந்த அவரது பொறிகள் தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் கவனத்தை ஈர்த்தன. பெல் அமைத்த வானூர்திச் சோதனைக் கழகத்தில் கர்டிசும் சேர்ந்தார்.

1908 மார்ச் 12 அன்று அக்கழகத்தின் முதல் விமானமான 'ரெட் விங்', உறைந்திருந்த கியூக்கா ஏரியின் பனிப்பரப்பிலிருந்து எழும்பிச் சுமார் 97 மீட்டர் பறந்தது. அதே ஆண்டு ஜூலை 4 அன்று, கர்டிஸ் 'ஜூன் பக்' விமானத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் பறந்து 'சயின்டிபிக் அமெரிக்கன்' இதழின் கோப்பையை வென்றார். முன்னறிவித்து, பொதுமக்கள் முன்னிலையில் நடந்த அமெரிக்காவின் முதல் விமானப் பறப்பு இதுவாகும். அது நிகழ்ந்த வயல்வெளி ஒயின் ஆலையை நடத்திய சாம்ப்ளின் குடும்பத்துக்குச் சொந்தமானது. ரைட் சகோதரர்கள் இதற்கு ஐந்தாண்டுகள் முன்பே பறந்திருந்தாலும், பெரும்பாலும் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிலேயே சோதனைகளை நடத்தினர். காப்புரிமை தொடர்பாக அவர்களுக்கும் கர்டிசுக்கும் நெடுங்காலம் வழக்கு நடந்தது.

பின்னர் கர்டிஸ் நீரில் மிதந்து எழும்பும் 'பறக்கும் படகு' விமானங்களில் ஈடுபட்டார். கியூக்கா ஏரியே அவற்றின் ஓடுபாதை. 1914 ஜூனில் அட்லாண்டிக் கடலைக் கடப்பதற்கென உருவான 'அமெரிக்கா' என்ற பறக்கும் படகுக்கு இங்குப் பெயர்சூட்டு விழா நடந்தது. உள்ளூர் கிரேட் வெஸ்டர்ன் ஒயின் புட்டியை அதன் முகப்பில் உடைக்க முயன்றபோது புட்டி உடையவில்லை. இறுதியில் சுத்தியலால் உடைத்தனர். சில வாரங்களில் முதல் உலகப்போர் மூண்டதால் கடல் கடக்கும் திட்டம் கைவிடப்பட்டது. போர்க்காலத் தேவைக்காக நிறுவனத்தின் பெரும்பகுதி பஃபலோ நகருக்கு இடம்பெயர்ந்தது. 1930-இல் காலமான கர்டிஸ், பிளசன்ட் வேலி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பார்க்க வேண்டிய இடங்கள்

புல்ட்னி சதுக்கம்: ஊரின் நடுவில் உள்ள பூங்கா. கோடை மாலைகளில் இங்குள்ள இசைமேடையில் கச்சேரிகள் நடைபெறும். சுற்றியுள்ள கட்டடங்கள் பல 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இங்கிருந்து ஏரிக்கரைக்குச் சில நிமிட நடை.

ஏரிக்கரைப் பூங்கா: பழைய தொடர்வண்டி நிலையம் இங்குள்ளது. படகுத்துறையிலிருந்து வடக்கே பார்த்தால் ஏரியின் இரு கரைச் சரிவுகளும் தெரியும். அருகிலுள்ள சாம்ப்ளின் கடற்கரை எனப்படும் மணற்பகுதியில் கோடையில் நீந்தலாம்.

கர்டிஸ் அருங்காட்சியகம்: ஊருக்குத் தெற்கே நெடுஞ்சாலையில் உள்ளது. 'ஜூன் பக்', 'அமெரிக்கா' ஆகியவற்றின் மறுவுருவாக்கங்களும் பழைய மோட்டார் சைக்கிள்களும் இங்கு வைக்கப்பட்டுள்ளன. மழை நாளுக்கு ஏற்ற இடம்.

ஒயின் ஆலைகள்: பிளசன்ட் வேலியின் கற்கட்டடங்களும், மேற்குச் சரிவிலுள்ள பிராங்க், புல்லி ஹில் ஆலைகளும் வரலாற்றுச் சிறப்புடையவை. மேற்குச் சரிவின் மேல்சாலையில் செல்லும்போது ஏரியின் முழு வளைவும் தெரியும். மது அருந்தாதவர்களும் தோட்டக் காட்சிக்காகவும் திராட்சைச் சாறுக்காகவும் செல்கின்றனர். திராட்சைப் பழங்களைக் கொண்டு செய்யும் இனிப்புப் பணியாரமும் இப்பகுதியின் சிறப்பு.

கியூக்கா வடிகால் நடைபாதை: பென் யானிலிருந்து செனெகா ஏரியை நோக்கிச் செல்கிறது. முதலில் கால்வாயாகவும் பிறகு இருப்புப்பாதையாகவும் இருந்த தடம் இது. பாழடைந்த ஆலைகளும் அருவிகளும் வழியில் உள்ளன.

செல்லும் காலமும் முறையும்

நியூயார்க் நகரிலிருந்து காரில் ஏறக்குறைய ஐந்து மணி நேரப் பயணம். அருகிலுள்ள விமான நிலையங்கள் எல்மைரா, ராச்செஸ்டர் நகரங்களில் உள்ளன. ஊருக்குள் நடந்தே சுற்றலாம்; ஆலைகளுக்குச் செல்ல வாகனம் தேவை.

மே மாதத்தில் துளிர்களைக் காணலாம். ஜூலை, ஆகஸ்ட் நீச்சலுக்கும் படகுக்கும் உரியவை. செப்டம்பரும் அக்டோபரும் அறுவடைக் காலம். குன்றுகளில் மரங்கள் நிறம் மாறுவதும் அப்போதுதான். கூட்டமும் அப்போதே மிகுதி. அமைதியை விரும்புவோர் அக்டோபரில் வார நாட்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. குளிர்காலத்தில் பல கடைகளும் ஆலைகளும் நேரத்தைக் குறைத்துக்கொள்வதால் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

அமெரிக்காவில் மது அருந்தச் சட்டப்படியான வயது 21. சுவைப்புக்கூடங்களில் சிறு அளவில் பல வகை ஒயின்கள் தரப்படும். சுவைத்தபின் விழுங்காமல் அதற்கென வைத்துள்ள கலத்தில் உமிழ்ந்துவிடுவது அங்கு இயல்பான வழக்கமே. குன்றுச் சாலைகள் வளைவும் சரிவும் கொண்டவை. மெனோனைட் சமூகத்தாரின் குதிரை வண்டிகளும் பென் யான் பக்கத்துச் சாலைகளில் செல்லும். ஆகவே ஓட்டுநர் சுவைப்பில் கலந்துகொள்ளாமல் இருப்பதே முறை.

ஏரி எதிர்கொள்ளும் ஆபத்துகள்

கியூக்கா ஏரி கரையோர மக்களின் குடிநீரும் ஆகும். அண்மை ஆண்டுகளில் விரல் ஏரிகளில் நீலப்பச்சைப் பாசிகள் திடீரெனப் பெருகும் நிகழ்வு அறியப்பட்டுள்ளது, கியூக்காவும் விதிவிலக்கன்று. வயல்கள், புல்தரைகள், கழிவுநீர்த் தொட்டிகள் ஆகியவற்றிலிருந்து வரும் பாஸ்பரஸ் முதலிய ஊட்டச்சத்துகளும், நீர் வெப்பமடைதலும் இதற்குத் துணைபுரிகின்றன. சில பாசிகள் நச்சு உண்டாக்குபவை. ஆழமான ஏரியில் நீர் முழுவதும் மாறப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், உள்ளே சென்ற மாசு விரைவில் வெளியேறாது. நீர்ப்பரப்பில் பச்சைச் சாயம் கொட்டியதுபோல் தெரிந்தால் பயணிகள் அதில் இறங்கக்கூடாது. வளர்ப்பு நாய்களையும் இறங்கவிடக்கூடாது.

தோட்டங்களுக்கும் சிக்கல்கள் உள்ளன. வசந்தம் முன்கூட்டியே வெப்பமடைந்தால் கொடிகள் விரைந்து துளிர்க்கின்றன. பின்னர் வரும் உறைபனிக்கு அவை இரையாகின்றன. 2023 மே மாத நடுப்பகுதியில் பெய்த உறைபனி விரல் ஏரிப் பகுதித் தோட்டங்கள் பலவற்றைத் தாக்கியது. ஆசியாவிலிருந்து பரவி, கொடியின் சாற்றை உறிஞ்சும் புள்ளி விளக்குப்பூச்சி, 2020-இல் இதே பகுதியிலுள்ள இத்தாக்கா நகரில் கண்டறியப்பட்டது. அதன் முட்டைகள் வாகனங்களிலும் விறகிலும் ஒட்டிப் பயணம் செய்யக்கூடியவை. எனவே வெளியூரிலிருந்து விறகு கொண்டுவர வேண்டாம் என்று அறிவுறுத்தப்படுகிறது.

சுற்றுலாவும் இரு முனைகள் கொண்டது. 2012-இல் ஒரு பயண இதழ் நடத்திய வாக்கெடுப்பில் ஹாமண்ட்ஸ்போர்ட் நாட்டின் சிறந்த சிற்றூராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. வருவோரால் கடைகளும் சிறு ஆலைகளும் வாழ்கின்றன. அதே வேளை, ஏரிக்கரை நிலத்துக்குத் தேவை கூடுகிறது. கரையில் எழும் ஒவ்வொரு வீட்டின் கழிவுநீரையும் ஏரியில் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டியுள்ளது.

சரக்குப் படகுகள், பெரிய ஒயின் நிறுவனம், விமானத் தொழிற்சாலை ஆகிய மூன்றும் இவ்வூரை விட்டுப் போய்விட்டன. ஒவ்வொரு முறையும் ஊரைத் தாங்கி நின்றது ஏரியும் அதன் சரிவுகளுமே. அந்த ஏரியின் நீர் கெட்டால் குடிநீர், திராட்சை, சுற்றுலா ஆகிய மூன்றும் ஒருசேரப் பாதிக்கப்படும். எனவே இங்குச் செல்பவர், ஒயினைச் சுவைப்பதோடு நில்லாமல், கரையில் சற்று நின்று அந்த நீரையும் பார்த்து வருவது பயனுள்ளது.